ஒப்புமை பற்றி

இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்னும்போது நாம் அப்பொருள்களைப் பற்றிப் பேசுகிறோமா, அல்லது நம் பார்வை எங்கே நின்றுவிட்டது என்பதைச் சொல்கிறோமா? எனக்கு இது வெறும் தர்க்கப் பிரச்னையாகப் படவில்லை.

தைராய்டு சுரப்பியின் சீவலையும் பால் சுரக்கும் முலையின் சீவலையும் அடுத்தடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் வட்டமாக அமைந்த செல்கள், நடுவே ஒரு வெளி, அதில் இளஞ்சிவப்பாய் ஏதோ ஒன்று. (அந்தச் சிவப்பும் திசுவினுடையதல்ல, இயோசின் என்ற சாயத்தினுடையது. நம் விமர்சனத்தில் எவ்வளவு இப்படிச் சாயத்தைப் பற்றியே எழுதப்படுகிறது!) முலையில் இருப்பது பால், இன்னொரு உயிருக்காக வெளியே போய்விடும். தைராய்டில் இருப்பது கொலாய்டு. அதைச் சுரந்த செல்லே பின்னர் திரும்ப விழுங்கி, ஹார்மோனாகப் பிரித்து ரத்தத்துக்குத் தரும். பல வாரங்களுக்குப் போதுமான சேமிப்பு. கொடையும் சேமிப்பும் ஒரே உருவத்தில். வட்டத்தையே உற்று நோக்கிக்கொண்டிருந்தால் போதாது. ஸ்லைடை நகர்த்தி, நாளம் எங்காவது இருக்கிறதா என்று தேடவேண்டும். முலையில் இருக்கும், தைராய்டில் இராது. நம் உருவவாதிகளுக்கு இந்த நகர்த்தல் பிடிக்காது. நகர்த்துவதும் அதே கண்ணாடிக்குள்தான் என்பது அவர்களின் எதிரிகளுக்குப் பிடிக்காது.

இதோடும் முடியவில்லை. கருவில் தைராய்டு நாக்கின் அடிப்பகுதியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. அப்போது அதற்கும் ஒரு நாளம் இருந்தது. பிறகு அது மறைந்து, நாக்கின் பின்புறம் ஒரு சிறு குழி மட்டும் எஞ்சுகிறது. வாசலின்மை பின்னால் நேர்ந்தது. 1801இல் பிஷா, மைக்ராஸ்கோப்பை நம்பாமல், கத்தியும் கண்ணும் கொண்டு 21 திசுக்களை வகைப்படுத்தினார். பிரமிக்கத்தக்க காரியம். ஆனால் அந்தப் பட்டியலில் காலம் இல்லை.

அறப்பிரச்னை கட்டியில் வருகிறது. தைராய்டின் ஃபாலிகுலர் வகைக் கட்டிகளில், செல்களின் முகத்தை மட்டும் பார்த்து இது சாது, இது புற்று என்று சொல்ல முடிவதில்லை. இரண்டிலும் அதே செல்கள், அதே வட்டங்கள். சுற்றியுள்ள உறையைத் துளைத்ததா, ரத்தக்குழாய்க்குள் புகுந்ததா என்பதை வைத்தே தீர்ப்பு. ஊசியில் உறிஞ்சிய செல்கள் இதைச் சொல்லமாட்டா; வெட்டியெடுத்த பிறகே உறையைப் பரிசோதிக்க முடியும். வெட்டியது அவசியமா என்பது பல சமயம் வெட்டிய பின்தான் தெரிகிறது.

முகத்தை வைத்துத் தீர்ப்பளிக்காதே, செயலைப் பார் என்று சொல்லிவிடுவது சுலபம். செயலுக்குக் காத்திருப்பதன் விலையைக் கொடுப்பவர், காத்திருக்கச் சொன்னவர் அல்ல. முன்கூட்டி வெட்டுவதன் விலையையும் அதே கழுத்துதான் கொடுக்கிறது. இந்த இரண்டில் எதையும் நியாயம் என்று அழைக்க எனக்குத் துணிவில்லை. தவிர, உறை முழுவதையும் துண்டுகளாக்கி வைத்தாலும் பார்க்கப்படுபவை சில மைக்ரான் கனமுள்ள சீவல்களே. 'ஊடுருவல் இல்லை' என்று எழுதும் கை, இரண்டு சீவல்களுக்கு இடையே இருந்ததைப் பார்க்கவில்லை. ஆனாலும் அது எழுதியாக வேண்டும். வெளியே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.