மெய்த் திருமணமும் பொய்ச் சான்றும்

பங்கு அலுவலகத்திற்கு வருவோரில் பலர் பதிவேடுகளைத் தேடியே வருகின்றனர். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என மனித வாழ்வின் பெரிய நாள்களெல்லாம் அவ்வேடுகளில் ஒவ்வொரு வரியாக அடங்கிக் கிடக்கின்றன. பள்ளிச் சேர்க்கைக்கும் சொத்துரிமைக்கும் கேட்கப்பட்டு வந்த அச்சான்றுகள், இன்று கடல் கடந்து செல்வதற்காகவும் கேட்கப்படுகின்றன. வெளிநாட்டில் குடியேறிவிட்ட கணவர், ஊரிலிருக்கும் மனைவியைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது, "நீங்கள் இருவரும் மெய்யாகவே கணவன் மனைவிதானா?" என்பதே அந்நாட்டு அரசு எழுப்பும் முதற்கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மகளுடன் நம்மைக் காண வந்தார். மகளுக்குத் திருமணமாகி நான்கு திங்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். நான்கு வார விடுப்பில் வந்தவர், திருமணத்திற்குப்பின் பத்தொன்பது நாள் மனைவியோடு வாழ்ந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த முகவர், "பத்தொன்பது நாள் போதாது; தூதரகத்தில் ஐயுறுவார்கள்" என்று அச்சுறுத்தியிருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டாண்டுகளாகப் பழகியவர்கள் என்று பங்குத் தந்தை ஒரு கடிதம் தரவேண்டும். முன்தேதியிட்ட சில மடல்களும் வேண்டும் என்பது அவர் சொன்ன வழி.

ஆசிரியர் நேர்மையானவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "சாமி, கல்யாணம் பொய்யில்லையே; நீங்கள்தானே மந்திரித்து வைத்தீர்கள். உள்ள கல்யாணத்துக்கு ஒரு கடிதந்தானே கேட்கிறேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்" என்றார். மகள் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தாள்.

அவரை நாம் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில் அவர் எழுப்பிய வினா எளிதானதன்று. பொய்யான திருமணத்திற்குச் சான்று தருவது தவறு என்பதை எவரும் அறிவர். மெய்யான ஒன்றை நிலைநாட்டப் பொய்யான சான்று தருவதும் தவறாகுமா? இதுவே நாம் ஆராயவேண்டியது.

முதலில், அந்நாட்டுச் சட்டம் கேட்பது என்ன என்று அறிந்துகொள்வோம். குடியுரிமை பெற்ற கணவரோ மனைவியோ, ஐ-130 எனப்படும் மனுவைத் தாக்கல் செய்து, திருமணம் உண்மையானது என்று காட்டவேண்டும். மனு ஏற்கப்பட்ட பின்னர் வருமான ஆவணங்கள், காவல்துறைச் சான்று, மருத்துவச் சோதனை, இறுதியில் தூதரக நேர்காணல் எனப் பல படிகள் உள்ளன. குடிமக்களின் வாழ்க்கைத் துணைக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. 'பச்சை அட்டை' மட்டும் உடையவரின் துணைக்கோ வரம்பு உண்டு; அவர் தம் முறை வரும்வரை வரிசையில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டாண்டுகள் நிறையவில்லையெனில், நிபந்தனையோடு கூடிய வாழ்வுரிமையே இரண்டாண்டுகளுக்கு வழங்கப்படும். அது முடியும் தறுவாயில், தாங்கள் இன்னும் இல்லறத்தில் இணைந்திருப்பதை இருவரும் சேர்ந்து மெய்ப்பிக்க வேண்டும். போலித் திருமணங்களைத் தடுக்க 1986 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் வந்த ஏற்பாடு இது.

இவற்றைக் கேட்கும்போது நம் மக்களுக்குச் சினம் வருவது இயல்பே. "கடவுள் இணைத்ததை ஓர் அலுவலர் ஐயுறுவதா?" என்கின்றனர். எனினும் நம் திருச்சபையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. அச்சம்மதம் மறைவில் கொடுக்கப்பட்டாலும் அது திருமணமே என்றுதான் பல நூற்றாண்டுகளாகக் கொள்ளப்பட்டது. விளைவு என்ன? தனிமையில் ஒருத்திக்கு வாக்களித்தவன், பின்னர் அதை மறுத்து, ஊரறிய வேறொருத்தியை மணந்தான். முன்னவளுக்குச் சாட்சி இல்லை. எனவே நீதியும் இல்லை. இத்தீமையை ஒழிக்கவே திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563 ஆம் ஆண்டில், பங்குத் தந்தையின் முன்னிலையும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இன்றி நடைபெறும் திருமணம் செல்லாது என்று விதித்தது. மூன்று முறை ஓலை வாசிக்கவும், பதிவேட்டில் எழுதிவைக்கவும் கட்டளையிட்டது. நம் அலுவலகத்தில் உள்ள அந்தப் பழுப்பேறிய ஏட்டின் பிறப்பு அதுதான்.

ஆகவே, சான்று கேட்பது அன்பை அவமதிப்பது அன்று. இருவருள் யார் எளியவரோ, நாளை யார் கைவிடப்படக்கூடுமோ, அவரைக் காக்கும் வேலியே சான்று. அமெரிக்கச் சட்டத்திலும் இவ்வேலியின் ஒரு பகுதியைக் காணலாம். மனைவியை அழைப்பவர், ஐ-864 எனும் பொறுப்புறுதிப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். பொதுவாக, அரசு வகுத்த வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத அளவில் தம் துணையைத் தாங்குவதாக அவர் அதில் உறுதி கூறுகிறார். 1996 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் இது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் கடப்பாடு. துணைவர் குடியுரிமை பெறும்வரையிலோ, நாற்பது காலாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும்வரையிலோ இது பொதுவாக நீடிக்கும். வியப்பு யாதெனில், மணமுறிவு ஏற்பட்டாலும் இக்கடப்பாடு முறிவதில்லை. மணமுறிவை எளிதாக வழங்கும் ஒரு நாட்டின் அரசே, "நீ அழைத்துவந்தவளை எளிதில் உதறிவிட முடியாது" என்று ஓரிடத்தில் சொல்லிவிடுகிறது. அயல்நாட்டு மாப்பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெண்களின் கண்ணீரைக் கண்டவர்கள், இதன் பொருளை உணர்வார்கள்.

இதனால் அரசுகள் கேட்பதெல்லாம் நியாயம் என்று நாம் கூறவரவில்லை. பிரித்தானியாவில் 1997 ஆம் ஆண்டு வரை ஒரு விதி இருந்தது. திருமணம் உண்மையானதாயினும் போதாது. அந்நாட்டில் நுழைவது அதன் முதன்மை நோக்கம் அன்று என்பதையும் விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும். உள்ளத்தில் இல்லாத ஒரு நோக்கத்தை இல்லையென்று காட்டுவது எங்ஙனம்? பெற்றோர் பார்த்து முடித்த எத்தனையோ தெற்காசியத் திருமணங்கள் அதனால் துன்புற்றன. அவ்வாண்டில் அது நீக்கப்பட்டது. திருத்தந்தையின் ஆட்சிபீடம் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட குடும்ப உரிமைகளின் சாசனம், புலம்பெயர்ந்தோர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேரும் உரிமையை வலியுறுத்துகிறது. தம்பதியர் கூடி வாழ்வது அவர்களுடைய கடமையும் உரிமையும் ஆகும் எனத் திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. காரணமின்றி அவர்களை ஆண்டுக்கணக்கில் பிரித்துவைக்கும் எந்த நிர்வாகமும் இதற்கு விடைசொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் விதி கடுமையானது என்பதால் பொய் நியாயமாகிவிடுமா? விவிலியத்தில் நாம் காணும் முதற்பெரும் புலம்பெயர்ந்தவர் ஆபிரகாம். பஞ்சத்தின் பொருட்டு எகிப்து நாட்டெல்லையை நெருங்கியபோது, உயிருக்கு அஞ்சி, தம் மனைவி சாராயைத் 'தங்கை' என்று சொல்லும்படி செய்தார் எனத் தொடக்கநூல் கூறுகிறது. அவர் தந்தைவழித் தங்கையே என்பதும் பின்னர்த் தெரியவருகிறது. எனவே ஆபிரகாம் உண்மையின் ஒரு பகுதியை மறைத்தாரேயன்றிப் பொய்யுரைக்கவில்லை என்று புனித அகுஸ்தினார் அவருக்காக வழக்காடுகிறார். ஆயினும் அந்த மறைப்பின் விலையை யார் கொடுத்தார்? ஆபிரகாமுக்கு ஆடுமாடுகள் கிடைத்தன. சாராய் பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டார். திருமணத்தின் உண்மை மறைக்கப்பட்டபோது, அவ்வுண்மையால் காக்கப்படவேண்டியவர் காப்பிழந்தார்.

அகுஸ்தினார் பொய்யைப் பற்றி இரு நூல்கள் எழுதியவர். இரண்டாவதன் பின்னணி நம் வினாவுக்கு மிக நெருங்கியது. தம் கொள்கையை மறைத்து வாழ்ந்த தப்பறையாளரைக் கண்டுபிடிக்க, நாமும் அவர்களைச் சேர்ந்தவர்போல் பொய் பேசலாமா என்று அவரிடம் கேட்கப்பட்டது. உண்மைக்குத் துணையாகப் பொய்யை அழைக்க முடியாது என்பதே அவருடைய விடை. இதைக் கேட்டதும் ஆசிரியர் தமிழாசிரியராகவே மாறிவிட்டார். "வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லையே சாமி. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறாரே?" என்றார். மறுக்கமுடியாத கேள்வி. எனவே வள்ளுவரின் அளவுகோலையே கையில் எடுத்துக்கொள்வோம் என்றோம். இப்பொய்யால் வரும் நன்மை குற்றமற்றதுதானா?

முதலாவது, இதன் சுமை அந்தப் பெண்மேல் விழுகிறது. மும்பையில் நடக்கும் நேர்காணலில், உண்மையே பேசுவதாக உறுதிமொழி எடுத்தபின், நடவாத ஈராண்டுக் காதலை அவள் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். பத்தொன்பது நாள் வாழ்ந்த மெய்வாழ்வை மறந்து, வாழாத வாழ்வை நினைவில் கொள்ள வேண்டும். பிடிபட்டால், பொருண்மையான செய்தியில் அறிந்தே பொய் சொன்னவர் என்று நாட்டிற்குள் நுழையும் தகுதியையே இழக்க நேரலாம். போலித் திருமணம் என்று முடிவுகட்டப்பட்டாலோ, பிற்காலத்தில் அவருக்காகத் தரப்படும் வேறு எந்தக் குடியேற்ற மனுவும் ஏற்கப்படாது. மெய்த் திருமணத்தைப் பொய்த் திருமணமாகத் தோன்றச் செய்யும் வலிமை, அதற்காகச் சொல்லப்படும் பொய்க்கு மட்டுமே உண்டு.

இரண்டாவது, பிறர்க்கு வரும் கேடு. ஒரு பங்குத் தந்தையின் பொய்க்கடிதம் வெளிப்பட்டால், பின்னர் வரும் நூறு மெய்க்கடிதங்களும் ஐயத்துக்குள்ளாகும். வழியில்லாத ஓர் ஏழைப் பெண்ணுக்கு அக்கடிதம் ஒன்றே துணையாக இருக்கக்கூடும். அவளுடைய சாட்சியை நாம் இன்றே களவாடியவர்கள் ஆவோம்.

மூன்றாவது, இல்லறத்திற்கே வரும் கேடு. பொய் வென்றுவிட்டால் அதன் தீங்கு இன்னும் ஆழமானது. எல்லாம் நன்றாக முடிந்தது என்று மகிழும் அவ்விளந்தம்பதியர், இருவரும் கூடிச் செய்த முதல் வேலை ஒரு நடிப்பு என்பதை மறக்க முடியுமா? இக்கட்டு நேர்ந்தால் பொய் கைகொடுக்கும் என்பதைப் பெற்றோரும் குருவும் சேர்ந்து அவர்களுக்குக் கற்பித்ததாக முடியும். அப்பாடத்தை அவர்கள் நாளை ஒருவருக்கொருவர் எதிராகவே பயன்படுத்தலாம்.

அதுவரை பேசாதிருந்த பெண் அப்போது தலைநிமிர்ந்து, "ஃபாதர், அவரைக் கல்யாணத்துக்கு முன்னே எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டு இருக்கேன். அதையே சொல்லிட்டா என்ன?" என்றாள். நாம் ஒருமணி நேரம் விளக்கியதை அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள்.

நாம் கடிதம் எழுதினோம். அறிந்ததை மட்டும் எழுதினோம். எந்தெந்த ஞாயிறுகளில் ஓலை வாசிக்கப்பட்டது, எந்நாளில் திருமணம் நடந்தது, சாட்சிகள் யாவர், மாப்பிள்ளை சென்றபின் அப்பெண் தன் மாமியாரோடு ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறாள் என்பன அதில் இருந்தன. பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணம் நம் நாட்டில் உண்டென்பதை அவ்வலுவலர்கள் அறியாதவர்கள் அல்லர். பதிவாளர் அலுவலகச் சான்றோடு, இரவுதோறும் இருவரும் பேசிய தொலைபேசிக் கணக்கும், அவர் அனுப்பிய பணத்தின் வங்கிச் சீட்டுகளும், வந்துபோன பயணச்சீட்டும் இணைக்கப்பட்டன. அவர்கள் அதுவரை இவற்றையெல்லாம் சான்றாகவே கருதவில்லை. வாழ்ந்த வாழ்வு தானே விட்டுச்சென்ற தடங்கள் அவை.

நேர்காணலில் உடனே விசா கிடைக்கவில்லை. மேலும் சில ஆவணங்கள் கேட்கப்பட்டன. பல திங்கள் கடந்தன. இடையில் கணவர் விடுப்பெடுத்து வந்து மூன்று வாரம் தங்கிச் சென்றார். பின்னரே விசா வந்தது. உண்மை பேசியதால் காரியம் கைகூடியது என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. கைகூடாமற் போயிருந்தாலும் அக்கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. வெற்றியைக் கொண்டு வாய்மையை அளப்பவர், தோல்வி வரும் நாளில் அதைக் கைவிட்டுவிடுவார்.

பெற்றோர்க்கு ஒரு சொல். அயல்நாட்டு மாப்பிள்ளையின் ஊதியத்தை விசாரிக்கும் நாம், அவர் குடிமகனா, பச்சை அட்டையினரா, தற்காலிக வேலைக்குச் சென்றவரா என்பதையும், பெண் எத்தனைக் காலம் பிரிந்திருக்க நேரும் என்பதையும் ஒப்பந்தத்திற்கு முன்பே விசாரிப்போமாக. பிரிவின் காலத்தை மறைத்து முடிக்கும் சம்பந்தமும் ஒருவகைப் பொய்யே.

விடைபெறும் நாளில் அந்த ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "சாமி, ஆயிரம் பொய் சொல்லி என்பது பிழையாம். ஆயிரம் பேரிடம் 'போய்ச் சொல்லி' ஒரு கல்யாணம் செய் என்பதுதான் பழமொழியாம்" என்றார். அவ்வாறு பொருள் கூறுவோர் உளர். அது சரியான பாடமா என்று மொழியறிஞர்கள் முடிவுசெய்யட்டும். ஆனால் மூன்று ஓலை வாசித்து, ஊரைக் கூட்டி, சாட்சிகளை நிறுத்தித் திருமணம் செய்விக்கும் திருச்சபை, பல நூற்றாண்டுகளாகச் செய்துவருவது அதைத்தான். பலரிடம் போய்ச் சொல்லி நடந்த திருமணத்தை நிலைநாட்ட, ஒருவரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.