நாற்காலி வெறுமையாகும் வேளை

பள்ளிக்கல்வியைப் பற்றிப் பேசும்போது ஆசிரியரையும் மாணவரையும் நினைக்கிறோம். கல்வி அலுவலகத்தில் கோப்பெழுதும் உதவியாளரை நினைப்பதில்லை. ஆனால் தமிழகத்தில் ஓர் ஆசிரியரின் ஊதிய உயர்வும் விடுப்பும் ஓய்வூதியக் கருத்துருவும் அவர் எழுதும் குறிப்பிலேயே தொடங்குகின்றன. அவர் மனநிறைவோடு பணியாற்றச் செய்வது மேலதிகாரியின் கடமையா, அன்றி அவர் விரும்பினால் காட்டும் பெருந்தன்மையா?

கர்ட் லெவின், ரொனால்டு லிப்பிட், ரால்ப் வைட் என்னும் உளவியலார் அமெரிக்கச் சிறுவர் குழுக்களிடம் நடத்திய ஆய்வை 1939-இல் வெளியிட்டனர். ஆணையிட்டே நடத்திய தலைவரின்கீழ் வேலை மிகுதியாக நடந்தது; அவர் அறையைவிட்டு அகன்றதும் தளர்ந்தது. கலந்து பேசி நடத்திய தலைவர் அகன்ற பின்னும் வேலை தொடர்ந்தது. எதையும் கண்டுகொள்ளாத தலைவரின்கீழ் வேலையும் குறைவு, நிறைவும் குறைவு.

சிறுவர் குழு வேறு, அரசு அலுவலகம் வேறு என்பது மெய்யே. அலுவலகத்திற்கு விதிகள் உண்டு. ஊதியத்தை உயர்த்தும் உரிமை கல்வி அலுவலருக்கு இல்லை. எனினும், ஊதியக் குறைவு மனக்குறையைத் தரும், ஆனால் மனநிறைவு பெரும்பாலும் வேலையின் பயனிலிருந்தும் அதற்குரிய மதிப்பிலிருந்துமே பிறக்கும் என்று பிரடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் எடுத்துரைத்தார். அந்த மதிப்பை அளிக்க அரசாணை வேண்டுவதில்லை.

அப்படியாயின் தவறுகளைப் பொறுத்துக்கொள்வதா? அன்று. காலம் கடத்தியவரிடம் விளக்கம் கேட்பது நீதி. தேவையெனில் 17(ஆ) பிரிவின்கீழ் நடவடிக்கை எடுப்பதும் நீதியே. பலர்முன் இழித்துரைப்பதோ நீதியன்று. கண்டிப்பு தவற்றைத் திருத்தும். இழிவு மனிதரை ஒடுக்கும்.

ஒடுங்கிய மனிதர் என்ன செய்வார்? முடிவெடுக்க அஞ்சுவார். தம்மீது பழி வராதிருக்க, தேவையற்ற ஒரு வினாவைக் குறித்துக் கோப்பைத் திருப்பி அனுப்புவார். அலுவலகத்தின் கணக்கில் அது குற்றமன்று. ஆனால் எங்கோ ஒரு சிற்றூரில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மேலும் சில திங்கள் காத்திருப்பார். அதிகாரியின் கடுஞ்சொல்லுக்கு விலை கொடுப்பவர், அச்சொல்லைக் கேட்டறியாத அந்த மூன்றாம் மனிதர்.

ஆகவே பணியாளரின் மனநிறைவு அதிகாரி ஈயும் கொடையன்று. பொதுமக்களுக்கு அவர் செலுத்த வேண்டிய கடன். தம் நாற்காலி வெறுமையாய் இருக்கும் நாளில் அலுவலகம் எவ்வாறு இயங்குகிறது என்று ஒவ்வோர் அதிகாரியும் தம்மையே வினவிக்கொள்வாராக. அதிகாரத்தின் தரத்தை அளக்க அதனினும் நேர்மையான அளவுகோலை நாம் அறியோம்.