அறிந்ததைச் சொல்வதும் அமானிதமே

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது உத்தனப்பள்ளி. சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. பள்ளி முடித்த பிள்ளைக்கு உடனே ஏதேனும் ஒரு கூலிவேலை கிடைத்துவிடும். மேலே என்ன படிக்கலாம் என்று சொல்லத்தான் பல வீடுகளில் ஆளில்லை.

முன்னாள் மாணவர்களும் பிறரும் அரசுப் பள்ளிகளுக்குக் கைகொடுக்க, 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. பணமுள்ளோர் பணம் தரட்டும். பணமில்லாதவரிடமும் ஒரு செல்வம் உண்டு. நடந்து வந்த வழி அவருக்குத் தெரியும்.

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு, மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இதை அறியாத தந்தை, கடன்பட்டு ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை கைநழுவும். அறிந்தும் வாய் திறவாதவருக்கு இந்த இழப்பில் பங்கில்லையா?

ஆகவே, வழிகாட்டுவது உபகாரமன்று, கடமை. ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அமானிதத்தில் கலப்படம் கூடாது. நம் வெற்றியை விரித்துரைத்துத் தோல்வியை மறைப்பதும் கலப்படமே. நாம் போன வழியிலேயே பிள்ளையைத் தள்ளுவதும் கலப்படமே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வதே நேர்மை.

சகோதரர்களே! மாதம் ஒரு நாளாவது படித்த பள்ளியின் படியேறுங்கள். எச்சமயத்துப் பிள்ளை என்று பாராதீர்கள். வல்ல அல்லாஹ் நம் நாவுக்கு வாய்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.