பின்கட்டு

விற்கிற வீட்டில் எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்கலாம்? இதற்குச் சட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவில். பழங்காநத்தத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்கக் கிளம்பியபோது தரகரும் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் சுவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான். மீதியெல்லாம் அம்மாவைப் பற்றியது.

அடுப்பங்கரைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. "பட்டி பாத்து ஒரு கோட்டிங் அடிச்சிட்டா மழை வர்ற வரைக்கும் தெரியாதுக்கா" என்றார். பிறகு, மேடையில் முப்பது வருஷமாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்ட வேண்டும். கொடியில் காயும் உள்பாவாடை, மூட்டுவலித் தைலம், உட்கார்ந்து குளிப்பதற்கான முக்காலி எதுவும் கண்ணில் படக் கூடாது. கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார். "பார்ட்டி வர்றப்ப அம்மாவ மட்டும் செத்த பின்கட்டுல இருக்கச் சொல்லுங்க. மொத மொதல்ல கால் வைக்கிறாக, பாருங்க..." அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வாக்கியத்தை அவர் முடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அப்பா உயில் எழுதவில்லை. ஆகவே அம்மா, துபாயில் இருக்கும் அண்ணன், சென்னையில் இருக்கும் தம்பி, நான் என நால்வருக்கும் சமபங்கு. ஒவ்வொரு பார்ட்டிக்கும் முதல் நாள் வீட்டைக் கழுவியது நான். அண்ணனும் தம்பியும் வாட்ஸ்அப்பில் விலை பேசினார்கள். பங்கு சமம், பினாயில் மட்டும் என்னுடையது. மதுரையில் இது பழைய வழக்கம்தான்: கண்ணகியின் சிலம்பை விற்கக் கோவலன் தெருவுக்குப் போனான், அவள் மாதரி வீட்டில் காத்திருந்தாள்.

அந்தச் சமபங்கும் சும்மா வந்ததல்ல. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை அவள் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது என்று 23ஆவது பிரிவில் பூட்டும் போட்டது. பூட்டு கழன்றது 2005இல். அதற்கு வெகுகாலம் முன்பே, மேலூரில் தாத்தா வீட்டை விற்க அப்பாவும் சித்தப்பாவும் முடிவெடுத்தபோது, அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் பழங்காநத்தம் மனை வாங்கப்பட்டது. இந்தக் குறை எந்த வில்லங்கச் சான்றிதழிலும் வராது.

ஓதத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்ய எனக்கு நேரமே ஆகவில்லை. மறைத்தால் வருகிறவர்களுக்கு நட்டம். அம்மாவின் விஷயம் அப்படியில்லை. புருஷன் இறந்தது வீட்டின் குறையுமில்லை, யாருக்கும் அதனால் நட்டமுமில்லை. அதை மறைத்தால், அதுவும் ஒரு குறைதான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அம்மா ஹாலில் தன் நாற்காலியிலேயே இருக்கட்டும் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் பின்கட்டுல இருந்துக்கிறேன். அந்தாளு சொல்ற விலை கிடைக்கட்டும். உன் கொள்கைக்கு என் பங்குல கை வைக்காத."

அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. விற்ற பணத்தில்தான் அவள் என் தெருவில் வாடகைக்கு இருக்கப் போகிறாள். விலை குறைந்தால் அவளுக்குத்தான் வலிக்கும். வளைகாப்பு வீட்டிலும் கிரகப்பிரவேசத்திலும் தானாகவே பின்னால் போய் நின்ற ஒருத்தி, இப்போதும் தானாகவே போகிறேன் என்கிறாள். இதை அவள் விருப்பம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் பிடித்து உட்காரவைத்தால் என் கொள்கைக்கு அவளை அலங்காரப் பொம்மை ஆக்கியதாகும். ஒதுங்கச் சொல்கிறவளாக நான் இருக்க முடியாது. அவ்வளவுதான் என் கையில் இருந்தது. தரகரிடம் அதைத்தான் சொன்னேன்: "நீங்க வேணா அவங்ககிட்டயே சொல்லிப் பாருங்க." அவர் சொல்லவில்லை. நேருக்கு நேர் சொல்லக் கூசுகிற ஒன்றை மகள் வழியாகச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார்.

முதல் இரண்டு பார்ட்டி வந்தபோதும் அம்மா பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை மூட்டு வலி, நாற்காலியைவிட்டு எழவில்லை. வந்தவர் வாசல் ரோட்டின் அகலத்தை அளந்துகொண்டிருக்க, அவர் மனைவி நேராக அடுப்பங்கரைக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று அம்மாவிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொல்லிவிட்டாள்: "ஐப்பசி மழைக்கு இந்தச் சுவர் வேர்க்கும்மா. பாத்ரூம் பக்கம் ஒடச்சுப் பூசினாத்தான் நிக்கும்."

விலையைக் குறைத்துத்தான் கேட்டிருக்கிறார்கள். அன்றிரவு சுவரைப் பற்றி யார் உளறியது என்று தம்பி போனில் கத்தினான். "நாந்தான்" என்றாள் அம்மா. பேச்சு இன்னும் முடியவில்லை. தன் பங்கை யாருடைய கணக்கிலும் சேர்க்காமல் தன் பேரிலேயே போட வேண்டும் என்று சொல்லி, நான் சுத்தம் செய்கிறேன் என்று இடம் மாற்றி வைத்த பாஸ்புக்கை அம்மா இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.