மூன்று சாட்சிகள்

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த பெருமழையால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களை வெள்ளம் சூழ்ந்தது. மனிதர் மாடியேறித் தப்பினர்; கட்டுத்தறியில் நின்ற வாயில்லாச் சீவன்களுக்கு மாடி ஏது? டிசம்பர் 9 அன்று தமிழக அரசு நிவாரணத்தை உயர்த்தி அறிவித்தது. மாண்ட பசுவுக்கும் எருதுக்கும் 30,000 ரூபாய் என்றிருந்தது 37,500 ஆயிற்று. ஆட்டுக்கு 3,000 என்றிருந்தது 4,000 ஆயிற்று.

அந்நாட்களில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின், பால் விற்றுப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் என்னை அணுகினார். "ஹஜ்ரத், என் பசு மழைக்கு நான்கு நாள் முன்பே நோயில் செத்துவிட்டது. வெள்ளத்தில் போனதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அரசாங்கப் பணம்தானே, வாங்கலாமா?" என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர். அந்த ஒரு பசுவால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

பிறரிடம் கேட்பது மூவருக்கே ஆகுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கபீஸா (ரலி) அவர்களுக்கு உரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிறருக்காகக் கடன்பொறுப்பு ஏற்றவர் ஒருவர். 'ஜாயிஹா' தாக்கிப் பொருளிழந்தவர் மற்றொருவர். விளைச்சலையும் உடைமையையும் அடியோடு அழிக்கும் பேரிடரையே அச்சொல் குறிக்கும். ஆகவே வெள்ளத்தில் மாட்டை இழந்தவர் நிவாரணம் பெற நாணவேண்டியதில்லை. அது பிச்சையன்று, உரிமை.

உரிமை என்பதாலேயே அதில் பொய் கலத்தல் ஆகாது. அரசாங்கத்துக்கென்று தனிப்பணம் ஏது? சோப்பு வாங்கும் ஏழையும் செலுத்திய வரியே அது. பைத்துல்மாலைப் போன்று அதுவும் அமானத். அதில் பொய்யுரைத்துப் பெறுபவர் முகமறியாத பல்லாயிரவரின் பொருளை எடுத்தவராவார். அவர்களைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்பது எங்ஙனம்? "வேண்டாம்" என்றேன். அவர் தலைகுனிந்து எழுந்து போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஹராம் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் உலை ஏறிற்றா எனக் கேட்டேனா? அந்த ஹதீஸில் மூன்றாமவரும் உண்டன்றோ! வறுமையுற்று, அதற்குத் தம் கூட்டத்தாருள் அறிவுடையோர் மூவர் சாட்சி சொல்லப் பெற்றவர். பொய்யரை விலக்குவதற்கான நிபந்தனை என்றே அதனை நெடுங்காலம் பாடம் நடத்தி வந்தேன். ஒருவரின் வறுமையை அண்டை அயலார் மூவரேனும் அறிந்திருக்க வேண்டும் என்ற கடமையும் அதனுள் இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாள் ஜமாஅத்தார் இருவருடன் அவர் இல்லம் சென்றேன். மூவரும் கண்டதைக் கண்டபடி பள்ளியில் சொன்னோம். ஜகாத் நிதியிலிருந்து ஒரு கறவைப் பசு வந்தது.

பொய் சொல்லாதே என ஏழைக்கு உபதேசிப்பது எளிது. அவன் பொய் சொல்லத் தேவையில்லாதபடி மெய்ச்சாட்சியாக எழுந்து நிற்பதே நம்மீது விழுந்த பொறுப்பு. அதை நிறைவேற்ற அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் அருள்வானாக. ஆமீன்.