பனிநாட்டின் நன்றிக்கடன்

ஜப்பானின் முன்னாள் பிரதமர் ககுயெய் தனாகாவுக்கு 1983 அக்டோபர் 12 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 4 ஆண்டு சிறையும் 50 கோடி யென் அபராதமும் விதித்தது. ஆல் நிப்பான் ஏர்வேஸ் லாக்ஹீட் விமானங்களை வாங்க வழிசெய்யும்படி, மருபெனி நிறுவனத்தின் மூலம் வந்த 50 கோடி யென்னை லஞ்சமாகப் பெற்றார் என்பது குற்றம். மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்தார். டிசம்பரில் தேர்தல். நீகாட்டா மூன்றாம் தொகுதி அவருக்கு 2,20,000-க்கும் மேற்பட்ட வாக்குகளை அள்ளிக் கொடுத்தது. அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் அவர் இவ்வளவு பெற்றதில்லை.

அந்த வாக்காளர்களை ஏமாளிகள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஆளுயரத்தைத் தாண்டிப் பனி கொட்டும் ஊர்கள் அவை. குளிர்காலத்தில் மலைக் கிராமங்களுக்கு வழி அடைபடும். ஆண்கள் கூலி வேலை தேடி டோக்கியோ போய்விடுவார்கள். போருக்குப் பிறகு தொழிற்சாலைகளெல்லாம் பசிபிக் கரையில் குவிந்தபோது, இந்த மக்களைப் பற்றித் தலைநகரம் பெரிதாகக் கவலைப்படவில்லை. பள்ளிப்படிப்போடு நின்றுபோன இந்த மண்ணின் மகன்தான் சாலையும் சுரங்கப்பாதையும் கொண்டுவந்தார். 1982இல் ஷின்கான்சென் ரயிலும் வந்தது.

தீர்ப்பை நம்ப மறுக்கவும் அவர்களுக்குக் காரணம் இருந்தது. 1948இல் நிலக்கரிச் சுரங்க லஞ்ச வழக்கில் கைதாகி, கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற தனாகா, மேல்முறையீட்டில் விடுதலையானவர்.

ஆனால் சாலை போட்டது அவர் வீட்டுப் பணமா? நாட்டின் வரிப்பணம். பனியில் சிக்கிய கிராமத்துக்குச் சாலை உரிமை. அந்த உரிமையைத் தலைவரின் கொடையாகக் கையேந்தி வாங்க நேர்ந்ததுதான் பெரிய அநீதி. லஞ்சப் பணத்தைவிடவும் பெரியது. கடன்பட்டவராகத் தம்மை உணர்பவர் தலைவரிடம் கணக்குக் கேட்பதில்லை. அந்தக் கடனை நீகாட்டா வாக்குகளால் அடைத்தது. விளைவைச் சுமந்தது ஜப்பான் முழுவதும். 1976இல் கட்சியை விட்டு விலகிய பிறகும் ஆளுங்கட்சியின் மிகப் பெரிய கோஷ்டி தனாகாவுடையதே. 1982இல் நகசோனே பிரதமரானதும் அதன் தயவில்தான்.

1985இல் பக்கவாதம் தனாகாவை வீழ்த்தியது. 1986 தேர்தலில் அவரால் பிரச்சாரத்துக்கு வர முடியவில்லை; ஆனாலும் தொகுதி அவரை முதலிடத்தில் வெற்றி பெறச் செய்தது. மேல்முறையீடு 1987இல் தள்ளுபடியானது. 1990இல் அரசியலிலிருந்து ஓய்வு பெறும் வரை அவர் நாடாளுமன்றத்துக்குப் போகவே இல்லை. யாரும் கேட்காதபோது குரல் கொடுத்தார் என்று அவரைக் கொண்டாடிய தொகுதிக்கு, அந்த ஆண்டுகளில் அவரது இருக்கையிலிருந்து ஒரு குரலும் எழவில்லை.