சல்லடையும் சாயமும்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்குகளில் பெண்கள் உட்கார்ந்து காய் பிரிக்கிறார்கள். வெடித்தது ஒருபுறம், வெளுத்தது ஒருபுறம், 8 மி.மீ. சல்லடையில் தங்கிய கொழுத்த காய் தனியே. இதில் ஏமாற்று இல்லை. பிரித்த சரக்கென்று தெரிந்தே வாங்குகிறார்கள். அதே காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் அது குற்றம்.

புரத ஆய்வகத்திலும் சல்லடை உண்டு. கூழ்போல உறைந்த ஜெல்லுக்குள் மின்சாரம் பாய்ந்தால் சிறிய புரதம் முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். 1970-இல் உயிரியலாளர் லேம்லி செம்மைப்படுத்திய முறை இது. சாயமும் உண்டு: கம்பளிக்குப் போட்டுவந்த கூமாசி நீலம். ஆனால் அது புரதம் இருக்கும் இடத்தில்தான் பிடித்துப் பட்டையாகத் தெரியும்.

நல்ல ஜெல் எது? நேரான, கூர்மையான பட்டைகள் கண்ணுக்கு அழகு, அவ்வளவே. எடை தெரிந்த புரதங்கள் பக்கத்துத் தடத்தில் ஓடினவா, எல்லாத் தடத்திலும் சம அளவு ஏற்றப்பட்டதா, மறுபடி ஓட்டினாலும் பட்டை அங்கேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இலைச்சாற்றிலுள்ள பினால்கள் புரதத்தோடு ஒட்டித் தடத்தைத் தீற்றலாக்குவதுண்டு. அந்தத் தீற்றல் சாற்றைப் பற்றிய உண்மை. அதைப் படத்திலிருந்து துடைப்பது பொய்.

இதுவரை சிக்கலில்லை. நான்கு முறை ஓட்டி, மூன்று கலங்கி, ஒன்று தெளிந்தால்? தெளிந்ததை மட்டும் 'மாதிரிப் படம்' என அச்சிடலாமா? ஏலத் தட்டில் வைக்கும் காய் அந்த மூட்டையிலிருந்தே வந்திருக்க வேண்டும். ஜெல் சரியாக உறையவில்லை என்று ஒதுக்கினால் நியாயம். எதிர்பார்த்த பட்டை வரவில்லை என்பதற்காக ஒதுக்கிவிட்டு, பிறகு உறையாததைக் காரணம் காட்டினால் அது சாயம் ஏற்றுவதேதான். இரண்டையும் வெளியாள் பிரித்தறிவது மிகக் கடினம்.

புனேயின் தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து 2005-இல் வந்த ஒரு கட்டுரையின் பட்டைகள் பழைய கட்டுரையில் வந்தவையே என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இதழ் 2007-இல் அதைத் திரும்பப் பெற்றது. உயிர்வேதியியலாளர் ஜி. பத்மநாபன் தலைமையிலான குழு முறைகேடில்லை என்றது; இந்திய அறிவியல் அகாடமியோ 2010-இல் ஆய்வாளரை மூன்றாண்டு விலக்கி வைத்தது. கற்றவர்களே ஒரே படத்தைப் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் கூட்டாளிகளும் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் சோதித்து, 2016-இல் 3.8 விழுக்காட்டில் சிக்கலான படங்கள் இருப்பதாக எழுதினார்கள். அவர்கள் பார்த்தது அச்சான படங்களை மட்டும். ஒதுக்கப்பட்ட மூன்று ஜெல்களும் எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக ஒதுக்கப்பட்டன என்பதை ஓட்டியவரின் குறிப்பேடுதான் சொல்ல முடியும். அதுவும் அன்றே எழுதியிருந்தால்.